முதல் குடத்துத் தண்ணி

1. எட்டு மணி

வால்வின் கடைசிச் சுற்றில் கை இருக்கும்போதுதான் பீ.எச்.ஐ. ஐயாவின் மோட்டார் சைக்கிள் தண்ணித் தாங்கியடியில் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்ற முதலே கேட்டார்.

"அண்ணை, மருந்து போட்டதா?"

"போட்டது ஐயா."

"இண்டைக்கு இல்லை. போன கிழமை முழுக்கப் போட்டதோ எண்டு கேக்கிறன்."

எங்கள் ஆட்கள் மருந்து என்று சொல்வது குளோரினை. ஒரு நாளும் நான் அதை விட்டதில்லை. ஆனாலும் ஒரு சுகாதாரப் பரிசோதகர் நேரே வந்து கேட்டால், விட்டுவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வரும். பம்ப் வீட்டைப் பூட்டிவிட்டு வீதிவரைக்கும் போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். "உங்களுக்குக் கவலைப்பட ஒண்டும் இல்லாட்டி அதுக்கும் கவலைப்படுவீங்கள்" என்பாள் என் மனுசி.

லொக் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் தாங்கியடிக் குழாயில் எடுத்த ரெசிடியூவல், அதாவது தண்ணியில் மிஞ்சி நிற்கிற குளோரின், என் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. 0.4, 0.4, 0.3, 0.4. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நிஹாரா வீட்டு மகன் ஆசுப்பத்திரியில. வயிற்றோட்டம். ரெண்டு நாளாச் சேலைன் ஏறுது. டொக்டர் எங்களுக்கு அறிவிச்சிருக்கிறார். உங்கட தண்ணிதானே குடிக்கினம்?"

"ஓம் ஐயா. மேட்டு லைனில கடைசி வீடு, பள்ளத்தில."

எங்கள் திட்டத்தைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இறக்கக்கண்டிக்கு இந்தப் பக்கம், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் மணல் மேட்டில் இருக்கிற ஊர். ஒரு கிணறு, ஒரு தாங்கி, இரண்டு லைன். எல்லாம் குடிநீர்ச் சங்கத்தின் பொறுப்பு. கச்சான் காற்று அடிக்கிற வறண்ட மாதங்களில் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். அதனால் முறைத்தண்ணி. காலை ஆறு தொடக்கம் எட்டு மட்டும் மேட்டு லைன், எட்டு தொடக்கம் பத்து மட்டும் கடற்கரை லைன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பைப் வேலை செய்கிறவர்களோடு திரிந்தவன். சங்கம் ஒப்பரேட்டர் வேலையைத் தந்து, பக்கத்து ரவுணில் மூன்று நாள் பயிற்சிக்கும் அனுப்பியது. படிப்பில்லாதவன் என்று யாரும் பிழை பிடித்துவிடக்கூடாது என்ற பயத்தில், சொல்லித் தந்ததை எழுத்துக்கு எழுத்துச் செய்வேன்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் மேட்டு லைனை ஐந்து நிமிடம் பிந்திப் பூட்டிவிட்டேன். அன்றைக்கு வட்ஸ்அப் குரூப்பில் நடந்த கதையை இங்கே எழுத ஏலாது. கடற்கரை லைன்காரர் மணிக்கூட்டைப் படம் பிடித்துப் போட்டார்கள். "ஒப்பரேட்டருக்கு மேட்டில மாமியார் வீடோ?" என்று ஒரு வொய்ஸ். அதற்குப் பிறகு நான் எட்டு மணி என்றால் எட்டு மணிதான். ஏழு ஐம்பத்தொன்பதுக்கு வால்வில் கையை வைத்து, வானொலியில் மணி அடிக்கும்போது ஒரே இழுவையில் சுற்றிப் பூட்டுவேன். அந்த நேர்த்தியில் எனக்குப் பெருமையும் இருந்தது.

2. இரண்டு போத்தல்

பீ.எச்.ஐ. ஐயா நிஹாராவின் வீட்டில் இரண்டு சாம்பிள் எடுத்தார். அடுத்த நாள் காலை, தண்ணி வந்து அரை மணித்தியாலம் கழித்து, குழாயில் ஒன்று. குசினியில் இருந்த குடத்தில் ஒன்று.

அந்த முடிவு வருமட்டும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. குளோரின் பவுடர் பழுதாகி இருக்குமோ, தாங்கி மூடிக்குள்ளால் ஏதும் விழுந்திருக்குமோ என்று தாங்கியில் ஏறி இறங்கிக்கொண்டு இருந்தேன். சாம்பிள் எடுத்த இரண்டாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் ஒரு பிடி சோறு இறங்கியது.

முடிவு வந்தது. குழாய்த் தண்ணி சுத்தம். குடத்துத் தண்ணியில் கோலிஃபோம். மலத்தால் வருகிற கிருமி அது.

சங்கத் தலைவி ஜெமீலா ரீச்சரும் நானும் பீ.எச்.ஐ. ஐயாவோடு நிஹாராவின் வீட்டுக்குப் போனோம். நிஹாரா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவ. புருசன் இறந்து மூன்று வருசம். அந்த இடியப்பத் தட்டுகள்தான் அந்த வீட்டின் சீவியம். வேலிக்கு மேலால் அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தங்கச்சி, குழாயில பிழை இல்லை," என்றார் பீ.எச்.ஐ. ஐயா. "குடத்திலதான். குடம் கழுவுறது, கை கழுவுறது, மூடி வைக்கிறது, இதுகளில கவனம் வேணும். அடுத்த சாம்பிள் சரிவருமட்டும் கடைக்கு இடியப்பம் குடுக்காதேங்கோ."

நிஹாரா உள்ளே போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தா. சாம்பல் போட்டுத் தேய்த்த அலுமினியக் குடம், வெயிலில் கண் கூசியது.

"இதுலயா ஐயா அழுக்கு?"

"பாத்தால் தெரியாது தங்கச்சி. கிருமி."

"அப்ப என்ட கையில எண்டு சொல்றீங்க."

ரீச்சர் நிலத்தைப் பார்த்தா. நிஹாரா என் பக்கம் திரும்பினா.

"அண்ணன், நீங்க சொல்லுங்க. தண்ணி ஒரு மாதிரி இருக்கெண்டு நான் உங்களுக்குச் சொல்லலயா?"

சொல்லியிருந்தா. இரண்டு கிழமைக்கு முதல் ஒரு திங்கட்கிழமை காலையில் வொய்ஸ் வந்தது. "அண்ணன், தண்ணி லேசா நீலம் மாதிரிக் கெடக்கு." பவுடர் கலக்கிக்கொண்டு இருந்த நான், கேட்டபடியே பதில் போட்டேன். "அது தண்ணி பிடிக்கிற பக்கட்டின்ர நிறமாக்கும் தங்கச்சி."

"அது பக்கட் நிறம்..." என்று இழுத்தேன்.

அவ குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினா.

உண்மையைச் சொன்னால், திரும்பி வரும்போது எனக்குச் சைக்கிள் தானாக ஓடினது. குழாயில் பிழை இல்லை. லொக் புத்தகம் சரி. என்னில் பிழை இல்லை. அன்றைக்கு இரவு நல்ல நித்திரை. அந்த நித்திரையை நினைத்தால் இப்போதும் கூசும்.

3. வெள்ளைப் பக்கட்

ஒரு கிழமைக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற கனகு அண்ணைதான் சங்கத்துப் பொருளாளர். நிஹாராவின் இடியப்பத்தை முதலில் நிற்பாட்டினதும் அவர்தான். தேத்தண்ணி குடிக்கப் போன என்னிடம் ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார். "என்ன, இவ்வளவு நாளும் இடியப்பத்தை மல்லிச் சம்பலோடயோ சாப்பிட்டனாங்கள், கிருமிச் சம்பலோடயோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிஹாரா குரூப்பில் ஒரு வொய்ஸ் போட்டா. சத்தம் போடவில்லை. "என்ட வீட்ட இனி ஒருத்தரும் தண்ணி கேட்டு வரவேணாம். என்ட கை அழுக்காம்." அவ்வளவுதான்.

நான் அந்த வொய்ஸைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குள் பழைய கவலை எழும்பிவிட்டது. நீலம் என்று சொன்னாவே. குடத்தில் கிருமி வரலாம், நீலம் எப்படி வரும்? எந்தப் பக்கட் என்று நான் பார்த்தேனா?

திங்கள் காலை ஆறு மணிக்கு மேட்டு லைனைத் திறந்துவிட்டு, குளோரின் பார்க்கிற கொம்பரேட்டர் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பள்ளத்துக்கு மிதித்தேன். தண்ணி கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர எப்படியும் பத்து நிமிடம் எடுக்கும். நான் போகும்போது நிஹாராவின் குழாய் காற்றை ஊதிக்கொண்டு இருந்தது. கீழே ஒரு பக்கட்.

பக்கட் வெள்ளை.

"பாத்தீங்களா," என்றா நிஹாரா.

குழாய் இரண்டுதரம் துப்பிவிட்டுத் தண்ணியை விட்டது. என்னிடம் இருந்த கண்ணாடிப் போத்தலில் முதல் தண்ணியைப் பிடித்து வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். மெல்லிய நீலம். கொம்பரேட்டர்க் குழாயில் எடுத்து டி.பி.டி. மாத்திரையைப் போட்டேன். குளோரின் இருந்தால் ரோஸ் நிறமாக மாறவேண்டும். மாறவில்லை. ஆட்டிப் பார்த்தேன், நிழலில் பார்த்தேன், வெயிலில் பார்த்தேன். மாறவில்லை. ஒரு துளி குளோரினும் இல்லை.

பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி எடுத்தேன். நல்ல ரோஸ். நீலமும் இல்லை.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, குழாயைத் திறந்து கொஞ்சநேரம் ஓடவிட்டபிறகுதான் சாம்பிள் எடுக்கவேண்டும் என்று. நானும் அப்படித்தான், பீ.எச்.ஐ. ஐயாவும் அப்படித்தான். அதில் பிழையில்லை. ஆனால் எங்கள் சனம் எப்படி எடுக்கிறது? கோயிலடிக்காரரென்ன பள்ளிவாசலடிக்காரரென்ன, முதல் குடம் குடிக்க. ஆரும் கைபடாத, துப்புரவான தண்ணி என்று ஒரு எண்ணம். பிறகுதான் சமையல், பிறகு பரல் பீப்பாய் நிரப்ப, கடைசியில் உடுப்பு. நாங்கள் சோதித்தது அவர்கள் உடுப்புத் தோய்க்கிற தண்ணியை. அவர்கள் குடித்தது நாங்கள் ஒரு நாளும் பார்க்காத தண்ணியை.

"இதை ஊத்துங்க தங்கச்சி. குடிக்கக் குடுக்காதேங்க."

"நான் ஊத்துவன்," என்றா நிஹாரா. "மத்த வீடுகளுக்கு ஆரு சொல்றது?"

உடனே குரூப்பில் போட்டேன், முதல் இரண்டு குடமும் ஊற்றவும், குடிதண்ணியைக் கொதிக்கவைக்கவும் என்று. காரணம் கேட்டவர்களுக்கு, தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன்.

4. ஹோஸ் தண்ணி குடித்தது

நீலம் என்றால் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலம்தான். மேட்டு லைனில் மேலே நாலாவது வீடு புஷ்பம் அக்காவின் வீடு. பள்ளிக்கூடம் போகிற மூன்று பெட்டைகள். ஞாயிறு காலையில் கொடி முழுக்க வெள்ளைச் சட்டை தொங்கும். கட்டிக்கொடுத்த மூத்த மகளுக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கும் கழியவில்லை.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முதல் அங்கே போனேன். வால்வைப் பூட்ட ஜெமீலா ரீச்சரைத் தாங்கியடியில் நிற்கச் சொல்லியிருந்தேன்.

"என்ன யோகண்ணை, நீங்களும் தண்ணி எடுக்கவோ வந்தனீங்கள்?" என்றா புஷ்பம் அக்கா. "குடம் கொண்டு வரேல்லையோ?"

உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் பெரிய பிளாஸ்ரிக் பேசின். குழாயில் பூட்டிய ஹோஸின் நுனி அந்தப் பேசினின் அடியில், துள்ளாமல் இருக்க ஒரு கல்லும் வைத்து. பேசினுக்குள் கைக்குழந்தையின் துணிகள் ஊறிக்கொண்டு இருந்தன.

"அக்கா, ஹோஸ் ஏன் தண்ணிக்குள்ள?"

"நீங்கதானே குரூப்பில சொன்னீங்கள், தண்ணி சிந்தாமல் ஹோஸை உள்ளுக்குத் தாட்டு விடச் சொல்லி."

சொன்னது நான்தான். கச்சான் தொடங்கினபோது, தண்ணி வீண்போகுது என்று கவலைப்பட்டு, படமும் போட்டுச் சொன்னேன்.

போன் அடித்தது. "யோகராசா, எட்டு மணி. பூட்டட்டா?" என்றா ரீச்சர்.

"பூட்டுங்க ரீச்சர். நான் பூட்டுற மாதிரி, ஒரே இழுவையில."

ஹோஸில் வந்துகொண்டு இருந்த தண்ணி நின்றது. கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஹோஸ் மெல்ல ஒருதரம் அசைந்தது. பேசினில் தண்ணி விளிம்பிலிருந்து இறங்கத் தொடங்கியது. ஒரு விரல். இரண்டு விரல். குழந்தைத் துணியொன்று ஹோஸ் நுனிப் பக்கமாக இழுபட்டுப் போனது. தாகத்தில் மாடு குடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

புஷ்பம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டா. "ஐயோ, இது எங்க போகுது?"

எங்கே போகுது என்று எனக்குத் தெரியும். மேலே வால்வைச் சடுதியாகப் பூட்டினால், பள்ளத்து வீடுகளில் கடைசிச் சொட்டுக்காகக் குழாய்கள் திறந்தபடியே இருக்கும். லைனில் உள்ள தண்ணி அந்தப் பக்கம் வழிய, பின்னால் வெறுமை. அந்த வெறுமை எங்கே தண்ணி கிடைக்குதோ அங்கே இழுக்கும். இழுத்தது அடுத்த நாள் காலைவரைக்கும் பைப்புக்குள் கிடக்கும். திறந்ததும் முதல் ஆளாய்ப் போய்ச் சேருவது கடைசி வீட்டு முதல் குடத்துக்கு.

ஹோஸைக் கழற்றி எறிந்தேன். புஷ்பம் அக்கா அழத் தொடங்கிவிட்டா. "நான் நிஹாராவின்ர பிள்ளைக்கு..." என்று தொடங்கி முடிக்க ஏலாமல் நின்றா.

"நீங்க இல்லை அக்கா," என்றேன். "தாட்டு விடச் சொன்னதும் நான். வால்வைச் சடுதியாப் பூட்டினதும் நான்."

5. ரீச்சர் வீட்டு விறாந்தை

பின்னேரம் கொமிற்றி கூடியது. நீலத் தண்ணிப் போத்தலை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

கனகு அண்ணைதான் முதலில் வாயைத் திறந்தார். "சரி. பிழையைப் பிடிச்சாச்சு, நிப்பாட்டியாச்சு. லைனில ஒரு வெடிப்பு இருந்தது, திருத்தினாங்கள் எண்டு எழுதுவம். முடிஞ்சுது கதை."

"நிஹாராட கதை?" என்றா ரீச்சர்.

"அது காலப்போக்கில சனம் மறந்திடும்."

"உங்கட கடைக்கு அவவின்ர இடியப்பம் திரும்ப எடுப்பீங்களா, கனகரத்தினம்?"

அவர் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "வாற ஆக்கள் கேப்பினமே ரீச்சர்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, யோசிச்சுக் கதை. நீதான் காரணம் எண்டு பீ.எச்.ஐ.க்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு உன்னை ஆர் வேலைக்கு வைக்கிறது? எட்டாம் வகுப்புக்காரனைப் போட்டதுதான் பிழை எண்டு எங்களையும் கேப்பாங்கள்."

அது எனக்குக் குத்தியது. இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை. வீட்டில் மூன்று பேர். வெடிப்பு என்று எழுதினால் ஒருவருக்கும் நட்டமில்லை, ஒருவரைத் தவிர. ஆனால் அந்த ஒரு ஆளின் கதவு சாத்துப்பட்ட சத்தம் எனக்குக் காதிலேயே நின்றது. நான் பயந்த சுபாவம் உள்ளவன். இத்தனை வருசமும் என்னில் பிழை வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். தண்ணியில் பிழை வந்துவிடுமோ என்று பயந்ததாக நினைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டும் ஒன்றில்லை என்பது அந்த விறாந்தையில்தான் விளங்கியது.

"லொக் புத்தகத்தைத் தாங்க ரீச்சர்," என்றேன்.

நடந்ததை எழுதினேன். என் எழுத்து வடிவில்லை, பிழையும் இருக்கும். ஹோஸைத் தாட்டு விடச் சொன்னது ஒப்பரேட்டர். வால்வைச் சடுதியாகப் பூட்டினது ஒப்பரேட்டர். நீலம் என்று பாவனையாளர் அறிவித்தும் போய்ப் பார்க்காதது ஒப்பரேட்டர். நிஹாரா வீட்டுக் குடத்திலும் கையிலும் பிழை இல்லை. கையெழுத்து வைத்தேன். ரீச்சர் அதற்குக் கீழே தன் கையெழுத்தை வைத்தா. கனகு அண்ணை வைக்கவில்லை, ஆனால் வைக்காதே என்று சொல்லவும் இல்லை.

பீ.எச்.ஐ. ஐயா அதை இரண்டுதரம் வாசித்தார். "நானும் ஓடவிட்டுத்தானே எடுத்தனான் அண்ணை," என்றார் கடைசியில். லைனுக்குக் கடும் குளோரின் போட்டுக் கழுவினோம். முதல் தண்ணியிலும் சாம்பிள் எடுத்து, சுத்தம் என்று முடிவு வந்த அன்றைக்கு, முதல்தரம் வேலிக்கு மேலால் பார்த்த அதே ஆட்களுக்கு முன்னால் நிஹாராவிடம் போய்ச் சொன்னார்.

"தங்கச்சி, உங்கட கையில பிழை இல்லை. நான் சொன்னது பிழை."

"சத்தமாச் சொல்லுங்க ஐயா," என்றா நிஹாரா. "வேலிக்கு அங்கால காது கொஞ்சம் மந்தம்."

அவர் சத்தமாகச் சொன்னார்.

அடுத்த நாள் காலை கனகு அண்ணையின் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிஹாராவின் இடியப்பத் தட்டு இருந்தது. கிருமிச் சம்பல் என்று கேட்டவர் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். நான் அவருக்கு முன்னால் இருந்து ஆறு இடியப்பம் சாப்பிட்டேன்.

6. இப்போது

என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. மூன்று மாதம் பார்ப்போம் என்றார்கள். அது முடிந்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

வால்வை இப்போது பத்து நிமிடம் எடுத்து, கால் சுற்றுக் கால் சுற்றாகப் பூட்டுகிறேன். அந்த நேரத்துக்குள் எல்லா வீட்டிலும் குழாயைப் பூட்டிவிடவேண்டும் என்பது சங்கத்து விதி. ஹோஸ் நுனி பரல் விளிம்புக்கு ஒரு சாண் மேலே நிற்கவேண்டும். முதல் குடம் மரத்துக்கு. கடற்கரை லைன்காரர் சிலர் இன்னமும் மணிக்கூட்டைப் படம் பிடித்துப் போடுகிறார்கள், பத்து நிமிடம் களவு போகுது என்று. போடட்டும். லொக் புத்தகத்தில் நானே கோடு போட்டு ஒரு புதுப் பகுதி வைத்திருக்கிறேன்: கடைசி வீடு, முதல் தண்ணி.

உங்களில் யாராவது இந்த மாதிரிச் சின்னத் திட்டமொன்றில் புதிதாய் வேலைக்கு வந்திருந்தால், சொல்லித் தந்தபடி சாம்பிள் எடுங்கள். அதோடு, சனம் எந்தத் தண்ணியைக் குடிக்குது என்று அந்த நேரத்துக்கே போய் நின்று பாருங்கள். ஒருவர் தண்ணி ஒரு மாதிரி இருக்கு என்று சொன்னால், போனில் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுங்கள்.

நிஹாரா என்னோடு அவ்வளவு கதைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் காலை ஆறேகால் போல அவவின் போனில் இருந்து ஒரு படம் வரும். வெள்ளைப் பக்கட், அதில் முதல் தண்ணி. எழுத்து ஒன்றும் இருக்காது. அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் நான் தேத்தண்ணியில் வாய் வைப்பேன். போன வெள்ளிக்கிழமை ஆறரையாகியும் படம் வரவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பள்ளத்துக்கு மிதித்தேன். வேலிப் படலையடியில் நின்ற நிஹாரா என்னைக் கண்டதும் போனைத் தூக்கிக் காட்டினா.

"சார்ஜ் இல்ல அண்ணன்," என்றா. "வந்ததுதான் வந்தீங்க, பக்கட்ட ஒருக்காப் பாத்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தேன்.